மலேசியாவுல ஜாகா (காவலாளி) வேலைல அடி வாங்கினவங்க யாராவது இருக்கீங்களா?

செந்தூல் நைட் ஷிஃப்ட்:
காண்டோ (அடுக்குமாடி வீடு) கார்ட்ஹவுஸ், ராத்திரி ஏழுலேருந்து காலைல ஏழு, எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். ஒரு மணிக்கு மேல ஒரு மைவி காரு வந்துச்சு, குடியிருக்கிறவங்க ஸ்டிக்கர் இல்ல. ஐசி (அடையாள அட்டை) கேட்டேன், கொடுக்கல. நம்ம ஆளுதான், அதனால "அண்ணே, யூனிட் நம்பராவது சொல்லுங்க, போன் போட்டுக் கேட்டுட்டு கேட்ட தொறக்குறேன்"னேன். இறங்கி வந்தவன் கையில இரும்பு ஸ்டீரிங் லாக். தலையில விழப்போவுதுன்னு கையத் தூக்கினேன், மணிக்கட்டுல விழுந்து எலும்பு போச்சு. வலி அப்புறந்தான் தெரிஞ்சுது. பின் சீட்டுல ஆறேழு வயசுப் பிள்ளை கண்ணாடிய இறக்கி "அப்பா, வாங்கப்பா போலாம்"னு கூப்புடுது, அழுவல, பயப்படல. அதுக்கு இதெல்லாம் பழகிப்போச்சு போல. அந்தக் குரல் இன்னும் காதுல கேக்குது.

பாயான் லெப்பாஸ்:
வருத்தமா இருக்குண்ணே. ஆனா ஐசி ஏன் கேட்டீங்க? அத வாங்கி வெச்சுக்க ஜாகாவுக்கு அதிகாரம் இல்ல, ஐசி குடுக்குற பதிவு இலாகா ஜேபிஎன்னே சொல்லியிருக்கு. கார்ட்ஹவுஸ் கதவத் தொறந்து வெளிய வந்ததும் தப்பு. எனக்கு ஃபேக்டரி பின்னாடி கேபிள் திருட வந்த மூணு பேரு, என்கிட்ட டார்ச்சும் கோத்தாவும் (தடி)தான், துரத்திப் போயி லோங்காங்ல (சாக்கடைல) விழுந்து முட்டி போச்சு. அதுலேருந்து துரத்துறதில்ல.

கெப்போங் அக்கா:
தம்பி, அடி பட்டவரப் போயி ஏன் வெளிய வந்தேன்னு கேக்கலாமா? என் வீட்டுக்காரரும் ஜாகாதான், பார்க்கிங் சண்டையில ஹெல்மெட்டால அடிச்சு ஒரு காது சரியா கேக்கல. அப்ப எங்களுக்கு விவரம் தெரியாது, அதான் சொல்றேன். முதல்ல போலீஸ் பாலாய்ல ரிப்போர்ட் போடுங்க. வேலையில அடிபட்டா முதலாளி 48 மணி நேரத்துல சொக்சோவுக்கு (தொழிலாளர் காப்புறுதி நிறுவனம்) தெரிவிக்கணும். எம்.சி. (மருத்துவ விடுப்பு) நாலு நாளுக்குக் குறையாம இருந்தா தினச் சம்பளத்துல 80 விழுக்காடு கிடைக்கும். வேலைக்குப் போற வழியில, வர்ற வழியில மோட்டார்ல விழுந்தாலும் கேக்கலாம். எக்ஸ்ரே, கிளினிக் ரசீது எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க. 2019 ஜனவரியிலேருந்து வெளிநாட்டு ஆளுங்களுக்கும் சொக்சோ உண்டு, கூட வேலை செய்யுற நேபாளிப் பிள்ளைங்ககிட்டயும் சொல்லி வைங்க.

செந்தூல் நைட் ஷிஃப்ட்:
தம்பி, ஐசிய நான் பிடிச்சு வைக்கல, புக்குல நம்பர் எழுதத்தான் கேட்டேன். வெளிய வராம ஜன்னல் வழியா எப்படி எழுதுறது, மழை வேற. அக்கா, சூப்பர்வைசர் என்னை வழுக்கி விழுந்தேன்னு எழுதித் தரச் சொன்னாரு, நான் எழுதல, ரிப்போர்ட் அன்னிக்கே போட்டுட்டேன். நீங்க சொன்ன 48 மணி நேரம் மட்டும் எனக்குத் தெரியாது. இப்ப என் எடத்துல ஒரு நேபாளித் தம்பிதான் நிக்கிறான், தனியா. நாளைக்குப் போயி அவன் பேர்ல சொக்சோ கட்டுறாங்களான்னு கேக்கப்போறேன்.