நிற்கும்போது இடிக்காத சைலன்சர் பைப் ஓடும்போது இடித்தது

தகரக்கொட்டகை, கடலூர் ஓ.டி. (முதுநகர்)

சொந்தமாகக் கார் கட்டுகிறவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எங்கள் கொட்டகையில் என் அக்கா மகன் கட்டுவது லோட்டஸ் செவன் பாணி வண்டி. 1957-ல் இங்கிலாந்தில் காலின் சாப்மன் கொண்டுவந்த வடிவம் அது. குழாய்ச் சட்டம், ஒல்லியான நீள மூக்கு, இரண்டே சீட். என்ஜின் பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல். ரோட்டில் ஓட்ட அல்ல, நிலத்துக்குள் ஓட்டத்தான். மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி மாதிரி வண்டி சோதனைக்குப் போகாமல் புது வண்டியைப் பதிய முடியாது என்பதைத் தெரிந்துகொண்டே இறங்கினோம்.

இந்த என்ஜினில் கார்புரேட்டரும் (பெட்ரோலையும் காற்றையும் கலப்பது) எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (என்ஜின் புகையைச் சேர்த்து சைலன்சர் பைப்புக்கு அனுப்புவது) ஒரே பக்கம், இடது பக்கம். நமக்கு ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் ஸ்டியரிங் ராடோடு சண்டை இல்லை. ஆனால் மேனிஃபோல்டிலிருந்து பைப் இறங்கும் இடத்தில் சேசிஸின், அதாவது அந்தக் குழாய்ச் சட்டத்தின், கீழ்க்குழாய் ஓடுகிறது. நடுவில் ஒரு விரல் தாராளமாக நுழையும். ஐடிலிங்கில் எந்தச் சத்தமும் இல்லை. முதல் கியர் போட்டு கிளட்சை விட்டதும் மட்டும் ‘டங்’ என்று ஓர் இடி. கியர்பாக்ஸ் மவுண்டிங், ஜாயிண்ட் போல்ட் எல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் குறையில்லை. கடைசியில் டார்ச் அடித்துக் கீழே படுத்துப் பார்த்தால், துருவேறிய பைப்பில் நாலணா அகலத்துக்குப் பளபளவென்று ஒரு தேய்மானம். நேர் எதிரே சேசிஸ் குழாயில் பெயிண்ட் உரிந்திருந்தது.

காரணம் சுலபம். என்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க், முன்னாலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுற்றுகிறது. சக்கரத்தை அது திருப்பும்போது, அதே விசை என்ஜினை எதிர்த்திசையில் முறுக்குகிறது. என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் விட்டுக்கொடுக்க, மேல்பாதி வலப்பக்கம் சாயும், கீழ்ப்பாதி இடப்பக்கம் தள்ளும். எங்கள் பைப் இருப்பது சரியாக அந்தக் கீழ் இடது மூலையில். முதல் கியரில் முறுக்கம் பல மடங்கு பெருகுவதால் இடி அங்கேதான் கேட்கிறது. ரிவர்ஸ் போட்டால் முறுக்கம் திசை மாறும். அப்போது வலப்பக்கம் இருக்கும் ஆயில் ஃபில்டரைப் பாருங்கள்.

ஆகவே நின்றுகொண்டிருக்கும் வண்டியில் ஸ்கேல் வைத்து அளந்து ‘இடம் இருக்கிறது’ என்று முடிவு கட்டாதீர்கள். பைப் ஆறியிருக்கும்போது இடைவெளியில் ஒரு களிமண் உருண்டையை அப்புங்கள். சக்கரங்களுக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக், கால் பிரேக் எல்லாம் போட்டு, ஒருவர் முதல் கியரில் கிளட்சை மெதுவாகக் கடிக்க விட்டு உடனே மிதிக்க வேண்டும். மற்றவர் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கவே கூடாது. பிறகு நசுங்கிய களிமண்ணின் தடிமனை அளந்தால் உண்மையான இடைவெளி தெரிந்துவிடும். ரிவர்ஸிலும் அதையே செய்யுங்கள். பானெட்டுக்கும் ஏர் கிளீனருக்கும் இடையில் பார்க்கவும் இதே களிமண்தான்.

பைப்பை நசுக்கி வழிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை, புகை போகும் வழியைக் குறுக்கினால் என்ஜினுக்குத்தான் மூச்சுமுட்டும். புது வளைவே போட்டோம். முதலில் கெட்டியான ஜி.ஐ. கம்பியை வளைத்து, பைப்பின் நடுக்கோடு எங்கே போக வேண்டும் என்று பிடித்துப் பார்த்தோம். ஓ.டி. துறைமுகம் பக்கம் படகு என்ஜினுக்குப் பைப் வளைக்கும் பெரியவரிடம் அந்தக் கம்பியைக் கொடுத்தோம். அவர் செய்ததைப் பார்க்க வேண்டும். ஆற்று மணலைச் சட்டியில் வறுத்து, சொட்டு ஈரம் இல்லாமல் பைப்புக்குள் கொட்டி, தட்டித் தட்டி இறுக்கி, இரண்டு முனையிலும் மரக்கட்டை அடைத்தார். ஈரம் இருந்தால் சூட்டில் நீராவியாகிக் கட்டை குண்டு போலப் பறக்குமாம். அப்புறம் கேஸ் டார்ச்சில் செக்கச்செவேல் என்று காய்ச்சி, கம்பியோடு ஒப்பிட்டுக்கொண்டே இழுத்தார். வளைவில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

இப்போது 25 மி.மீ. இடைவெளி. மேனிஃபோல்டை ஒட்டி ஒரு பெல்லோஸ் ஜாயிண்ட் (மடிப்பு மடிப்பாக வளைந்து கொடுக்கும் இணைப்பு), பின்னால் பைப்பைத் தாங்க ரப்பர் தொங்கல். இவை கட்டாயம் வேண்டும். ஒரு மீட்டர் இரும்புப் பைப் 400 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 5 மி.மீ. நீளும், ஸ்டெயின்லெஸ் என்றால் 7 மி.மீ. வரை. அதற்கு வழி விடாவிட்டால் மேனிஃபோல்ட் விரிசல் விடும்.

படகு என்ஜின், தேங்காய்த்திட்டு

அண்ணே, அருமையாகச் சொன்னீர்கள். ஒன்று சேர்க்கிறேன். கார்புரேட்டர் பக்கத்திலேயே பைப் இருப்பதால் சூட்டுக்குப் பயந்து சிலர் பைப்பைச் சுற்றிச் சூடு தாங்கும் நாடா கட்டுவார்கள். நம் கடற்கரைக் காற்றில், சாதா இரும்புக்கு அது வேண்டாம். நாடா ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே பைப் உதிர்ந்துகொண்டிருப்பது வெளியே தெரியாது. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் அலுமினியத் தகடு வையுங்கள், இரண்டு பக்கமும் காற்று போக இடம் விட்டு. பெட்ரோல் டியூபையும் பிரேக் பைப்பையும் வலப்பக்கமாகக் கொண்டுபோங்கள். சித்திரை வெயிலில் டியூபில் பெட்ரோல் ஆவியாகி என்ஜின் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

பாகூர் பட்டறை

எங்கள் வண்டியில் தொல்லை கீழே. என்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான ஆயில் சேம்பர் சேசிஸுக்குக் கீழே தொங்கி வரப்பில் இடித்தது. என்ஜினைத் தூக்கினால் பானெட் மூடாது. அதனால் சேம்பரின் உயரத்தைக் குறைத்து, ஆயில் அளவு குறையாமலிருக்கப் பக்கங்களில் இறக்கை போல அகலப்படுத்தினோம். ஆயில் உறிஞ்சும் ஸ்டிரெய்னரையும் (சல்லடையையும்) அதே அளவு மேலே தூக்க வேண்டும், அடித்தகட்டிலிருந்து 6 முதல் 8 மி.மீ. விடுங்கள். திருப்பத்தில் ஆயில் ஒருபக்கம் ஓடி ஸ்டிரெய்னர் காற்றை இழுக்காமலிருக்க உள்ளே தடுப்புத் தகடும் வேண்டும்.

தகரக்கொட்டகை

தம்பி, வெல்டிங் ஒழுகுகிறதா என்று எப்படிப் பார்த்தீர்கள்?

பாகூர் பட்டறை

வெளியே வெல்டிங் கோடு முழுக்கச் சாக்பீஸ் தேய்த்துவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்தோம் அண்ணே. ஒழுகும் இடத்தில் வெள்ளை கறுத்துவிடும். ஒரு மூலையில் கறுத்திருந்தது, அதை அரைத்து மறுபடி வெல்டிங் வைத்தோம். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கின் பழைய கோடுகளை நம்பாதீர்கள். சரியான அளவு ஆயிலை அளந்து ஊற்றி, அது நிற்கும் இடத்தில் புதுக் கோடு போடுங்கள்.