அப்பாவின் திவசமும் துளசியின் 1500 மீட்டரும்

குழு: கந்தையா குடும்பம்

சிவா (19:02): எல்லாருக்கும் வணக்கம். அப்பாவின் திவசம் இந்த முறை வரும் சனிக்கிழமை. ஐயரிடம் கேட்டுவிட்டேன். டென் ஹெல்டரில் இருந்து அணைக்கட்டு வழியாக வந்து 11 மணிக்குத் தொடங்குவார். எல்லாரும் 10 மணிக்கே வீட்டில் நிற்கவும்.

நந்தினி (19:05): சனிக்கிழமையா அத்தான்?

சிவா (19:05): ஓம். ஏன்?

ரகு (19:09): துளசிக்கு அன்று ஹேரன்வேன் தியால்ஃப் ஐஸ் மைதானத்தில் ஸ்கேட்டிங் போட்டி.

சிவா (19:10): திதி திதிதான் ரகு.

குமார் (19:14): ஞாயிறு வைக்க முடியாதா?

சிவா (19:14): நீ டொராண்டோவில் இருந்துகொண்டு திதியை மாற்றாதே.

செல்வி (19:16): மரக்கறி நான் எழுதுகிறேன். வாழைக்காய், பூசணி, பாகற்காய், பயற்றங்காய். யார் எதை வாங்குவது என்று சொல்லுங்கள்.

துளசி (19:20): பெரியப்பா, என் 1500 மீட்டர் 11.40க்கு. கோச் பெயர்ப்பட்டியல் போட்டுவிட்டார்.

சிவா (19:21): அடுத்த மாதமும் போட்டி வரும்தானே பிள்ளை.

துளசி (19:21): அதற்கு இந்த நேரத்தை வைத்துத்தான் ஆள் எடுப்பார்கள்.

சாந்தி (19:33): பெரியண்ணா, கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். 1997 ஜனவரி உங்களுக்கு நல்ல ஞாபகம் இருக்கும். 4ஆம் திகதி, உறைந்த வாய்க்கால்களில் ஸ்கேட்டில் ஓடும் பதினொரு ஊர் ஓட்டம். 200 கிலோமீட்டர், நம் லேவார்டனில் தொடங்கி லேவார்டனிலேயே முடிந்தது. அதற்குப் பிறகு இன்று வரை வாய்க்கால் ஐஸ் அந்த அளவுக்குத் தடிக்கவே இல்லை. அப்பா விடியமுன் போய் நின்றவர், பெண்களில் கிளாசினா சைன்ஸ்ட்ரா முதலாவதாக வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

குமார் (19:35): என் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போனார்.

சிவா (19:35): அது என்னுடைய ஜாக்கெட்.

சாந்தி (19:41): அதே மாதம்தான் தியால்ஃபில் ஐரோப்பியப் போட்டி. நான் சொல்ல வந்தது அதைத்தான். அதுவரைக்கும் பெண்களின் நீண்ட தூரத்தில் ஜெர்மனியின் குண்டா நீமனை வெல்வது என்பது அரிது. 3000 என்றாலும் 5000 என்றாலும் பெரும்பாலும் அவர்தான். அந்தப் பருவம் நம் நெதர்லாந்தின் தொன்னி டி யோங், கார்லா சைல்ஸ்ட்ரா, பார்பரா டி லோர் மூன்று பேரும் கிளாப் ஸ்கேட்டோடு வந்தார்கள். தகட்டின் பின்பக்கம் சப்பாத்தோடு ஒட்டாது. முன்பாதத்துக்குக் கீழே ஒரு பிணைச்சல் மட்டும்தான். குதிக்கால் எழும்பினாலும் தகடு ஐஸிலேயே நிற்கும், கணுக்கால் முழுதாக நிமிரும் வரை உதைக்கலாம். பிறகு ஸ்பிரிங் இழுக்கத் தகடு டக்கென்று சப்பாத்தில் வந்து அடிக்கும்.

சாந்தி (19:44): ஆம்ஸ்டர்டாமில் வ்ரையே பல்கலைக்கழகப் பேராசிரியர் வான் இங்கன் ஸ்கேனாவ் அதைப் பல வருடங்களுக்கு முன்பே செய்து வைத்திருந்தார். பெரிய ஆண் வீரர்கள் தயங்கினார்கள். 1994-95இல் தெற்கு ஹாலந்தில் பதினொரு இளம் பிள்ளைகள் அதைப் போட்டு ஒரு முழுப் பருவம் ஓடினார்கள், துளசி மாதிரிப் பிள்ளைகள். அவர்கள் முன்னேறிய வேகத்தைப் பார்த்த பிறகு பெண்கள் துணிந்தார்கள். ஆண்கள் அதற்கும் பிறகுதான்.

செல்வி (19:45): சாந்தி, பூசணி எவ்வளவு?

சாந்தி (19:46): இரண்டு கிலோ போதும் மச்சாள்.

துளசி (19:47): தொன்னி வென்றாரா?

சாந்தி (19:52): வென்றார்! 500, 3000, 1500, 5000 நான்கும் சேர்த்து ஐரோப்பியப் பட்டம், குண்டாவைத் தாண்டி, நம் தியால்ஃபிலேயே. சனம் எழும்பி நின்று கத்தியதில் தொலைக்காட்சியில் அறிவிப்பாளர் குரலே கேட்கவில்லை. உலகப் பட்டத்தைப் பிறகு குண்டா எடுத்துக்கொண்டார், அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஆனால் அடுத்த பருவம் கிளாப் இல்லாமல் அநேகமாக யாரும் வரவில்லை. 1998 நாகானோ ஒலிம்பிக்கில் 5000 மீட்டர், பன்னிரண்டரைச் சுற்று. கிளாவுடியா பெக்ஸ்டைன் 6:59.61, குண்டா 6:59.65. ஏழு நிமிடம் ஓடி 0.04 நொடியில் தங்கம் போனது. அப்பா அன்று வேலைக்குப் பிந்திப் போனார்.

குமார் (19:55): எங்கள் கனடாவின் கிளாரா ஹியூஸையும் சொல் அக்கா. 2006 டுரினில் 5000 தங்கம். அதற்கு முன் சைக்கிளில் ஒலிம்பிக் பதக்கம்.

சாந்தி (19:57): ஓம். 2002இல் அவருக்கு வெண்கலம். வெள்ளி நம் கிரெத்தா ஸ்மித், தங்கம் அப்போதும் பெக்ஸ்டைன்.

துளசி (19:58): எனக்கு ஐரீன் ஸ்கௌத்தன்தான். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 3000, 5000, எல்லாரும் ஒன்றாகத் தொடங்கும் மாஸ் ஸ்டார்ட் மூன்றிலும் தங்கம்.

குமார் (20:01): அது சரி, எல்லாரும் இருக்கிற நேரம் கேட்கிறேன். மானிப்பாய்க் காணிக் கடிதம் என்ன ஆனது?

சிவா (20:01): அதை இங்கே எழுதாதே.

குமார் (20:02): எங்கே எழுதினாலும் அதுதான் பதில்.

ரகு (20:10): [படம்]

ரகு (20:11): அப்பாவின் கொப்பி. மேல்தட்டில் இருந்து எடுத்தேன்.

சாந்தி (20:13): ஐயோ ரகு.

நந்தினி (20:15): பச்சை மட்டைப் பள்ளிக்கூடக் கொப்பி. பெயரெல்லாம் தமிழில், குண்டா, தொன்னி, கார்லா என்று. எதிரே ஒவ்வொரு சுற்றின் நேரம் நீலப் பேனாவில். தொன்னிக்கு நேரே ஓரத்தில் ‘சத்தம் வேறு’ என்று எழுதியிருக்கிறார்.

துளசி (20:16): கிளாப் சத்தம்!

சிவா (20:24): அந்தக் கொப்பி என்னிடம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

சாந்தி (20:29): பெரியண்ணா, திவசத்தில் பிள்ளை நிற்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஐயரை வேளைக்கு வரச் சொல்ல முடியுமா என்றுதான் கேட்கிறேன். அப்பா இருந்திருந்தால் இந்தப் பிள்ளையின் 1500ஐத் தவறவிட்டிருப்பாரா? முதல் 300, பிறகு மூன்று சுற்று. ஒவ்வொன்றுக்கும் பேனா பிடித்திருப்பார். எங்கள் வீட்டில் ஒருத்தி தியால்ஃப் ஐஸில் ஓடுகிறாள், அதைப் போய்ப் பார்க்காமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

நந்தினி (20:33): அப்பம்மா பக்கத்தில்தான் இருக்கிறா. காலையில் குளித்து, தாத்தாவின் படத்தைக் கும்பிட்டுவிட்டுப் போகட்டுமாம். ஆனால் படைத்ததைச் சாப்பிடாமல் வெளியே எதுவும் வாங்கித் தின்னக் கூடாதாம்.

துளசி (20:34): ஓட்டத்துக்கு முன் வாழைப்பழம் சாப்பிடலாமா?

நந்தினி (20:36): பழம் பரவாயில்லையாம்.

சிவா (20:50): ஐயருடன் கதைத்தேன். காலையில் இன்னொரு வீடு இருக்கிறதாம். 9 மணிக்கு முயற்சி செய்கிறேன் என்கிறார், உறுதி சொல்லவில்லை.

ரகு (20:52): 9 என்றாலும் முடிய 10.30 ஆகும். ஹேரன்வேனுக்கு அரை மணி. அவள் சூடேற்ற ஒரு மணி முன்னாலேயே நிற்க வேண்டும்.

சிவா (20:54): அப்படியென்றால் சாந்தி கூட்டிக்கொண்டு போகட்டும். நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும், போன வருடம் நான் தனியாகத்தான் செய்தேன்.

குமார் (20:55): அது எனக்குச் சொல்வதா?

சிவா (20:55): பொதுவாகச் சொன்னேன்.

துளசி (20:57): அப்பா வராவிட்டால் சுற்று நேரம் யார் எழுதுவது?

சாந்தி (20:58): நான் எழுதுகிறேன். கொப்பியில் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது.

சிவா (20:59): அந்தக் கொப்பியை வெளியே கொண்டுபோக வேண்டாம்.

சாந்தி (20:59): சரி, வேறு கொப்பி.

செல்வி (21:03): வாழையிலை உறைந்ததுதான் கிடைக்கும். பரவாயில்லையா? இரண்டு மணிக்குப் பந்தி என்று வைத்துக்கொள்ளட்டுமா?

துளசி (21:04): மாமி, 9.45க்கு வீட்டு வாசலில் நிற்பீர்களா?

சாந்தி (21:04): நிற்பேன். ஸ்கேட்டைத் தீட்டி வைத்துவிடு.

சிவா (21:10): ரகு? நீ நிற்கிறாயா, போகிறாயா?

செல்வி (21:18): பாகற்காய் இன்னும் யாரும் ஏற்கவில்லை.

சிவா (21:31): ரகு, பார்த்தால் பதில் போடு.