மாலத்தீவு லைவ்அபோர்டு: 7 ராத்திரி படகிலேயே தங்கி டைவ், என்ன எதிர்பார்க்கலாம்?

குழித்துறைக்கரை கேட்டது:

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம். மார்த்தாண்டத்தில் இருந்து ரெண்டு பேர், பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி மாலே போறோம். ரெண்டு பேருக்கும் அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் (ரெண்டாம் கட்ட டைவ்) சான்றிதழ் உண்டு. இதுவரை பண்ணின டைவ் எல்லாம் கோவளத்திலும் அந்தமானிலும், காலையில் போய் மத்தியானம் கரைக்குத் திரும்புற மாதிரிதான். படகிலேயே கிடந்து நாளுக்கு மூணு டைவ்னா உடம்பு தாங்குமா? நீரோட்டம் பலமா இருக்கும்னு சொல்றாங்களே? நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாக் கலந்த காற்று) கோர்ஸ் முடிச்சிட்டுப் போகணுமா? கூட வர்றவர் சைவம்; பஸ்ஸில் பேச்சிப்பாறை போனாலே வாந்தி எடுக்கிற ஆள். எதைக் கொண்டு போகணும், எதைக் கொண்டு போகக் கூடாது?

திலாமீன்:

தம்பி, படகு அமைப்பை முதல்ல தெரிஞ்சுக்கோங்க. நீங்க தூங்குற பெரிய படகில் இருந்து கடலில் குதிக்க மாட்டீங்க. கூடவே ஒரு தோணி வரும். டேங்க், கம்ப்ரஸர், உங்க சாமான் எல்லாம் அதில்தான். முதல் நாள் காட்டுற டேங்கில் பிசிடியை (காற்று அடைச்சு மிதப்பைக் கூட்டிக் குறைக்கிற ஜாக்கெட்) மாட்டிட்டா கடைசி நாள் வரை கழற்ற வேண்டாம். ஒவ்வொரு டைவ் முடிஞ்சதும் ரெகுலேட்டர் (மூச்சு இழுக்கிற கருவி) முதல் ஸ்டேஜை, அதாவது டேங்க் வால்வில் மாட்டுற பகுதியை மட்டும் கழற்றி, டஸ்ட் கேப்பை உலர்த்திப் போட்டு வச்சா, பையன்மார் அங்கேயே ஹோஸ் கொண்டுவந்து காற்று நிரப்பிருவாங்க. குதிக்கும் முன்னே டேங்க் அழுத்தம் காட்டுற கேஜைப் பார்த்துக்கிட்டே நாலு மூச்சு இழுங்க. மூச்சுக்கு மூச்சு முள் இறங்கி ஏறினா வால்வு முழுசாத் திறக்கலைன்னு அர்த்தம். பக்கத்தில் நிக்கிறவர் "திறந்தாச்சு"ன்னு சொன்னாலும் இதை விடாதீங்க. திறந்த வால்வை மூடிட்டுப் போறதும் நடக்கிறதுதான்.

விடியுமுன்னே எழுப்புவாங்க. வெறும் டீ, பிஸ்கட், பிரீஃபிங், முதல் டைவ். அப்புறம்தான் காலைச் சாப்பாடு. 11 மணிவாக்கில் ஒண்ணு, 3 மணிவாக்கில் ஒண்ணு. ராத்திரி டைவ் வாரத்துக்கு ஒண்ணோ ரெண்டோ; வாவு அட்டோலில் (வளையமான பவளத்தீவுக் கூட்டம்) அலிமதா தீவுக்குப் போனா நர்ஸ் சுறா கூட்டமா வரும். முதல் டைவ் எப்பவும் சோதனை டைவ். அதில் இடுப்பில் கட்டுற ஈய எடையைச் சரி பண்ணிக்கோங்க. அலுமினிய டேங்க் காலியாக ஆக மிதக்கும், அதனால டேங்க் அழுத்தம் 50 பார் மிச்சம் இருக்கும்போது 5 மீட்டரில் அசையாம நிக்க முடியுதான்னு பார்க்கணும். கடல் தண்ணி 27 முதல் 30 டிகிரி. 3 மில்லிமீட்டர் சூட் போதும். ஆனா நாலாம் நாளுக்கு மேல உடம்பு குளிர ஆரம்பிக்கும், மெல்லிசா ஒரு ஹூட் வச்சுக்கோங்க.

நீரோட்டம்தான் கோவளத்துக்கும் இதுக்கும் உள்ள பெரிய வித்தியாசம். பிப்ரவரியில் வடகிழக்குப் பருவக்காற்று, கிழக்குப் பக்கத்துக் கால்வாய் (பவளத்திட்டுகளுக்கு நடுவே உள்ள கடல் வழி) வழியா பெருங்கடல் தண்ணி உள்ளே பாயும். சுறா அந்த வாயில்தான் நிக்கும், அதனால உங்களையும் அங்கேதான் இறக்குவாங்க. பிசிடியில் காற்றே இல்லாம, எல்லாரும் ஒரே நேரத்தில் குதிச்சு உடனே கீழே போகணும். மேலே நின்னு மாஸ்க்கைச் சரி பண்ணினா அந்த அரை நிமிஷத்தில் கால்வாயைத் தாண்டிப் போயிருவீங்க. காது அழுத்தத்தை மேல்மட்டத்தில் இருந்தே விடாம சமன் பண்ணிக்கிட்டு இறங்கணும். வலிக்கிற வரை காத்திருந்தா காது திறக்காது.

அடியில் போனதும் ரீஃப் ஹூக்கை (கயிறு கட்டின கொக்கி) செத்த பவளப் பாறையில் மாட்டி, பிசிடியில் கொஞ்சம் காற்று விட்டு பட்டம் மாதிரி நின்னுக்கலாம். கழற்றும்போது முதலில் அந்தக் காற்றை வெளியே விடணும். மறந்துட்டு ஹூக்கை எடுத்தா நேரா மேலே தூக்கிட்டுப் போயிரும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. மேல்மட்டத்தில் நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கிற ஆள் 20 மீட்டரில் அழுத்தம் மூணு மடங்கு ஆகிறதால 60 லிட்டர் இழுப்பார். 12 லிட்டர் டேங்கில் 200 பார்; 50 பார் மிச்சம் வைக்கணும்னா செலவுக்கு 1800 லிட்டர், அதாவது 30 நிமிஷம். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினா அதுவும் இல்லை. காற்று அதிகம் செலவாகும்னு தெரிஞ்சா 15 லிட்டர் டேங்க் வேணும்னு புக் பண்ணும்போதே கேளுங்க, படகு கிளம்பின பிறகு கேட்டா கிடைக்காது.

இன்னொண்ணு, பல படகுகள் 30 முதல் 50 டைவ் லாக் ஆகியிருக்கணும்னு கேக்கும். லாக்புக்கைக் கையில் வச்சுக்கோங்க.

முட்டம்அலை:

வாந்தி எடுக்கிறவருக்கு முதலில். பிப்ரவரியில் அட்டோலுக்குள்ளே கடல் பெரும்பாலும் அமைதிதான், ஒரு அட்டோலில் இருந்து இன்னொண்ணுக்குக் கால்வாய் கடக்கும்போதுதான் உருளும். அதுக்கு அரை மணி முன்னே மேல்தளத்தில், நடுவாக்கில் உட்கார்ந்து தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்க. குனிஞ்சு போன் பார்க்கவே கூடாது. கேபின் கீழ்தளத்தில் நடுவில் கேளுங்க. எஞ்சின் சத்தம் இருந்தாலும் ஆட்டம் குறைவு. அவோமின் மாதிரி மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கும், ஆழத்தில் அந்த மந்தம் நல்லதில்லை. டைவ் பண்றவர்னு சொல்லி டாக்டரிடம் கேட்டு, ஊரிலேயே ஒருநாள் போட்டு எப்படி இருக்குன்னு பார்க்கணும்.

ஜலதோஷத்தோட மூக்கடைப்பு மாத்திரை போட்டு இறங்காதீங்க. பாதி டைவில் மருந்தோட வேகம் குறைஞ்சிட்டா ஏறும்போது காதுக்குள்ளே காற்று அடைபட்டுக்கும். இறங்கும்போது அடைச்சா திரும்பிரலாம், ஏறும்போது அடைச்சா எங்கே போவீங்க?

ஒரு வாரத்தில் டைவைக் கெடுக்கிறது சுறா இல்லை, காதுச் சீழ். ஒவ்வொரு டைவுக்கும் பிறகு நல்ல தண்ணியில் காதைக் கழுவி, தலையைச் சாய்ச்சு வடியவிட்டு, டவலில் ஒத்துங்க. பட்ஸ் போட்டுக் குடையக் கூடாது, தோல் கீறினா அங்கேதான் கிருமி பிடிக்கும்.

சைவத்துக்குப் பயப்பட வேண்டாம், புக்கிங்கிலேயே எழுதிருங்க. பஃபேயில் சோறு, பருப்பு, காய்கறி இருக்கும். அசைவம் சாப்பிடுறவருக்கு காலையிலேயே சூரையும் தேங்காயும் பிசைஞ்ச மாஸ் ஹுனி. நம்ம ஊர் மாசிக்கருவாடு பிடிச்சவருக்கு விருந்துதான்.

குழித்துறைக்கரை:

ரொம்ப நன்றி. நைட்ராக்ஸ் பற்றியும், கஸ்டம்ஸ் பற்றியும் யாராவது சொல்லுங்க. திரும்பி வந்த கையோட பொன்முடி போகலாம்னு ஒரு திட்டம் இருக்கு, அதில் சிக்கல் உண்டா?

அஞ்சு_மீட்டர்:

நைட்ராக்ஸ் கோர்ஸை முடிச்சிட்டுப் போங்க. ஒரு டைவுக்குப் பெரிய லாபம் இல்லை, வாரம் முழுக்க அடுத்தடுத்து இறங்கும்போதுதான் தெரியும். 30 மீட்டரில் சாதாரணக் காற்றில் டீகோ (ஏறும்போது கட்டாயமா நின்னு நின்னு வர்றது) இல்லாம இருக்கக்கூடியது சுமார் 20 நிமிஷம், 32 சதவீத நைட்ராக்ஸில் சுமார் 30. மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவுக்கு 30 மீட்டர்தான் வரம்பு. 32 சதவீதத்துக்கு, ஆக்சிஜன் அழுத்தம் 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்ற கணக்கில் எல்லை 33 மீட்டர் சொச்சம், ரெண்டும் பொருந்தும். டேங்கில் எத்தனை சதவீதம்னு அனலைசர் வச்சு நீங்களே அளந்து, ஏட்டில் எழுதிக் கையெழுத்துப் போடணும். அப்புறம் கையில் கட்டுற டைவ் கம்ப்யூட்டரிலும் அதே எண்ணை மாத்தணும். கம்ப்யூட்டர் ஆளுக்கு ஒண்ணு கட்டாயம். ஜோடிக்கு ஒண்ணு என்ற பேச்சே வேண்டாம், ரெண்டு பேர் ஆழம் ஒரே மாதிரி இருக்காது.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைஞ்சது 18 மணி நேரம் இருக்கணும். படகுக்காரங்களே பெரும்பாலும் 24 மணி விட்டு முடிச்சிருவாங்க. அந்த இடைவெளி முடிஞ்சு விமானத்தில் வந்த பிறகு பொன்முடியில் புதுசா ஆபத்து ஒண்ணும் இல்லை. ஆனா போறதுக்கு முன்னே கோவளத்தில் பழக்கம் புதுப்பிக்க டைவ் போட்டுட்டு, அன்னைக்கே பொன்முடியோ குமுளியோ ஏறாதீங்க. மலை ஏறினாலும் அழுத்தம் குறையும், விமானத்துக்குச் சொன்ன அதே விதிதான்.

ஜோடியைத் தவறவிட்டா ஒரு நிமிஷம் தேடுங்க, காணலைன்னா மெதுவா ஏறுங்க, 5 மீட்டரில் 3 நிமிஷம் நில்லுங்க, மிதவையை (காற்று அடைக்கிற ஆரஞ்சுக் குழாய்) மேலே விடுங்க. மிதவையும் ரீலும் ஆளுக்கு ஒண்ணு. தோணி உங்களைத் தேடுறது அந்த ஆரஞ்சுக் குழாயை வச்சுதான்.

படகில் ஏறின அன்னைக்கே ரெண்டாவது வெளியேறும் வழி எதுன்னு கேட்டு, நடந்தே பார்த்துக்கோங்க. 2019-ல் கலிபோர்னியா பக்கம் கான்செப்ஷன் படகில் ராத்திரி தீப்பிடிச்சு, கீழ்தளத்தில் தூங்கின 34 பேரும் இறந்தாங்க. அன்னைக்கு ராத்திரிக் காவலுக்கு ஆள் இல்லை. உங்க படகில் யார் காவல்னு கேக்கிறதில் வெட்கம் வேண்டாம். கேமரா, டார்ச் பேட்டரியைத் தூங்கும்போது கேபினில் சார்ஜ் போடாதீங்க.

தேங்காப்பட்டணம்:

கஸ்டம்ஸ் பகுதி நான் சொல்றேன். மதுபானம், பன்றி இறைச்சி கொண்டு போகக் கூடாது. வழிபாட்டுச் சிலைக்கும் தடை உண்டு. பையில் சின்னப் பிள்ளையாரோ மாதா சொரூபமோ எப்பவும் வச்சிருக்கிறவங்க வீட்டிலேயே வச்சிட்டுப் போங்க. திரும்பும்போது சிப்பி, பவளத்துண்டு ஒண்ணும் எடுக்காதீங்க. விமானம் இறங்குறதுக்கு முந்தின 96 மணி நேரத்துக்குள்ளே இமுகா படிவத்தை (மாலத்தீவு அரசின் பயணி விவரப் படிவம்) ஆன்லைனில் நிரப்பணும், அதுக்குக் காசு கிடையாது. காசு கேக்கிற தளம் போலி.

கிரீன் டாக்ஸ் (சுற்றுலாப் பயணிக்கு அரசு போடுற வரி) ஆளுக்கு நாளுக்கு 12 டாலர், விலையில் சேர்ந்திருக்கான்னு கேளுங்க. எரிபொருள் சர்சார்ஜ், நைட்ராக்ஸ், வாடகைச் சாமான், டிப்ஸ் எல்லாம் பெரும்பாலும் தனி. சாதாரணப் பயண இன்சூரன்ஸில் ஸ்கூபா சேர்ந்திருக்கா, எத்தனை மீட்டர் வரைன்னு வாசிங்க. இல்லைன்னா டான் (டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்) மாதிரி டைவ் இன்சூரன்ஸ் தனியா எடுங்க. டைவுக்குப் பிறகு உடம்பில் நைட்ரஜன் குமிழி வந்தா தேவைப்படுற அழுத்த அறை சிகிச்சை பண்டோஸ் தீவில் உண்டு, ஆனா செலவு கையைக் கடிக்கும்.

கடினப் பெட்டி வேண்டாம், மடக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுற துணிப்பைதான் சரி. மாஸ்க், கம்ப்யூட்டர், ரெகுலேட்டர் கைப்பையில். பவர் பேங்கும் லித்தியம் பேட்டரியும் கைப்பையில் மட்டும். உங்க ரெகுலேட்டர் டின் (டேங்க் வால்வில் திருகி மாட்டுற) வகைன்னா அடாப்டர் ஒண்ணு. அதோட ஓ-ரிங், மாஸ்க் ஸ்ட்ராப், மவுத்பீஸ், நாலு ஜிப் டை. செருப்பை முதல் நாளே வாங்கிக் கூடையில் போட்டிருவாங்க, ஷூ ஒரு ஜோடிக்கு மேல தூக்கிட்டு வராதீங்க.