மலிவு விலை எஸ்எஸ்டி: ஆரோக்கியம் 99% காட்டுகிறது, நம்பலாமா?

நிழற்படக்கடை:
திருமணப் படங்களைச் சேமிக்க 960 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கினேன். இருந்ததிலேயே விலை குறைந்தது. கம்பெனி பெயரை இதற்குமுன் கேட்டதில்லை. 150 ஜிபி படங்களை அதில் ஏற்றினால் முதலில் நொடிக்கு 450 எம்பி ஓடுகிறது, பாதியில் 45 எம்பிக்கு விழுந்து அப்படியே ஊர்கிறது. வட்டின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் ஆரோக்கியம் 99%, நீல நிறம். ஆனால் சி7 வரியில் உள்ள எண் தினமும் ஏறுகிறது, இப்போது டி4. வட்டு சாகப் போகிறதா? திருப்பிக் கொடுக்க இந்த வாரம் வரைதான் அவகாசம்.

பழுதுக்காரன்:
வேகம் விழுவது கோளாறு அல்ல, கொடுத்த விலைக்கு உரிய குணம். உள்ளே இருப்பது பெரும்பாலும் கியூஎல்சி வகை ஃபிளாஷ் நினைவகம், அதாவது ஓர் அறையில் 4 பிட். அதில் எழுத நேரம் பிடிக்கும். அதனால் ஒரு பகுதியை அறைக்கு 1 பிட் என்று வைத்துக்கொண்டு வருவதை முதலில் அங்கே வாங்கிப் போடும். அது நிரம்பியதும் சாயம் வெளுத்துவிடும்.

சி7 வேறு கதை. வட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு போகும் வழியில் நேரும் பிழைகளின் எண்ணிக்கை அது. அந்த மென்பொருள் பதினாறடிமானத்தில் காட்டுவதால் டி4 என்றால் 212. முதலில் சாட்டா கேபிளை மாற்றுங்கள். எண் குறையாது, மேலும் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரவுப்பறவை:
கேபிளை மாற்றச் சொன்னது சரிதான். ஆனால் 99% என்பதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். இதுவரை எவ்வளவு எழுதினீர்கள் என்பதை வைத்துப் போடும் தேய்மானக் கணக்கு அது. வட்டை இயக்கும் கன்ட்ரோலர் சில்லு திடீரென்று செத்தால் அதற்குத் தெரியாது. கூகுள் 2007இல் தன் ஹார்ட் டிஸ்க்குகளை ஆராய்ந்தபோது, பழுதானவற்றில் 36 விழுக்காடு ஸ்மார்ட் அளவீடுகளில் (வட்டு தன் நிலையைத் தானே பதிவு செய்யும் எண்கள்) எந்த அறிகுறியும் காட்டாமலே போயிருந்தன. எஸ்எஸ்டிக்கு அதே எண் பொருந்தும் என்று சொல்லவில்லை; நீல நிறம் உத்தரவாதம் ஆகாது என்கிறேன்.

அவகாசம் முடிவதற்குள் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டுங்கள். வட்டு முழுவதையும் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். 45 எம்பி வேகத்தில் எழுதவே ஆறு மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிடுங்கள். கொள்ளளவில் ஏமாற்று வேலை இருந்தாலும் அகப்பட்டுவிடும்.

பழுதுக்காரன்:
அதையும் செய்யுங்கள். 05 வரி, அதாவது கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை, சுழியமாக இருக்கிறதா என்று சோதனைக்கு முன்னும் பின்னும் பாருங்கள். ஏறியிருந்தால் பேச்சே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நிழற்படக்கடை:
கேபிளை மாற்றினேன், டி4 அங்கேயே நிற்கிறது. சோதனையில் ஒரு பிழையும் இல்லை, 05 சுழியம்தான். அப்படியானால் படங்களை ஏற்றி அலமாரியில் வைத்துவிடலாமா?

இரவுப்பறவை:
அதற்கு மட்டும் வேண்டாம். மின்சாரம் இல்லாமல் கிடந்தால் ஃபிளாஷில் மின்னேற்றம் மெல்லக் கசியும். எழுதும் ஆயுள் தீர்ந்த எஸ்எஸ்டி 30 டிகிரியில் ஓர் ஆண்டு தரவைக் காத்தால் போதும் என்பதே ஜெடெக் என்ற தர அமைப்பின் விதி. உங்களுடையது புதியது, இன்னும் தாங்கும். ஆனால் நம் ஊர் வெயிலில் மூடிய அலமாரியை நான் நம்பமாட்டேன். இதை எடிட்டிங்குக்கு வைத்துக்கொண்டு, படங்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள்.

புதியவன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் லினக்ஸ்தான் இருக்கிறது. இந்தச் சோதனைக்கு என்ன வழி?

பழுதுக்காரன்:
எஃப்3 நிறுவுங்கள். முதலில் எஃப்3ரைட், அது முடிந்ததும் எஃப்3ரீட்.