பிளீட் வைத்த பேண்ட்: சும்மா நின்றாலே பிளீட் விரிகிறது, ஏன்?

துணிப்பித்தன்:
இடுப்பு 34 அங்குலம், சீட் (பின்பக்கத்தைச் சுற்றிய அளவு) 40. உயர இடுப்பு, இரண்டு பிளீட் (பட்டிக்குக் கீழே முன்பக்கம் வைக்கும் துணி மடிப்பு), கீழே டர்ன்-அப் (கால் விளிம்பை வெளிப்பக்கம் மடித்து வைப்பது) என்று பழைய அமைப்பில் ஒரு பேண்ட். உட்காரவே வேண்டாம், நின்றாலே பிளீட் வாயைப் பிளக்கிறது. துணியா, வெட்டா? அடுத்த பேண்டுக்கு 58 அங்குல அகலத்தில் 1.20 மீட்டர் வைத்திருக்கிறேன். பேண்டின் முழு நீளம் 42 அங்குலம். போதுமா? பிளீட் ஜிப் பக்கம் பார்க்க வேண்டுமா, பாக்கெட் பக்கமா?

கத்தரிக்கோல்:
துணி மேல் பழி போடாதீங்க. சீட் பத்தலை. உட்காரும்போது விரிய வேண்டிய துணியை நிற்கும்போதே உடம்பு இழுத்துக்குது. பிளீட்டை மூடி வைத்து சீட்டை அளங்க. 40 சீட்டுக்கு 43, 44 வரணும். அதுக்குக் கீழே இருந்தா, ஃபிளாட் ஃபிரண்ட் (பிளீட் இல்லாத பேண்ட்) அளவிலேயே வெட்டி பிளீட்டை அழகுக்கு வெச்சிருக்காங்க. இந்தத் தப்பு ரொம்ப சகஜம். பாக்கெட் வாயும் திறந்து நிற்குமே?

முன்பக்கம் கவட்டிலிருந்து இடுப்புப் பட்டி மேல்விளிம்பு வரை 11.5 முதல் 12 அங்குலம் வேணும். அது குறைந்த பேண்டை மேலே ஏற்றிப் போட்டாலும் பிளீட் இழுக்கும்.

புதுசுக்கு: முதல் பிளீட் அயர்ன் மடிப்பு விழும் கோட்டிலேயே, 1.5 அங்குலத் துணி உள்ளே போகிற மாதிரி. இரண்டாவது, அதுக்கும் பாக்கெட்டுக்கும் நடுவில், 1 அங்குலம்.

பழைய பாணி:
ஜிப் பக்கம் பார்ப்பது ஆங்கிலேயத் தையல் மரபு, பாக்கெட் பக்கம் பார்ப்பது இத்தாலிய வழக்கம். 1980களில் தொளதொள சூட்டோடு உலகம் சுற்றியது பெரும்பாலும் இரண்டாவதுதான். நீங்கள் கேட்கும் அமைப்புக்கு முதலாவதே பொருந்தும் என்பேன்.

டர்ன்-அப்புக்கு ஒரு போர்க்கால வரலாறு உண்டு. துணித் தட்டுப்பாட்டால் 1942இல் பிரிட்டன் அதைத் தடை செய்தது. ஆட்கள் சும்மா இருப்பார்களா? வேண்டுமென்றே நீளமாக வாங்கி வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டார்கள்! 1944இல் தடை போனது. பிளீட்டை ஓரங்கட்டியது அதற்குப் பின் வந்த ஒல்லிக் கால் பேண்ட். 70களின் பெல்பாட்டமும் தொடையைப் பிடித்து முழங்காலுக்குக் கீழே விரிவது. அதில் பிளீட்டுக்கு வேலையே இல்லை.

கெஜக்கோல்:
1.20 மீட்டர் என்பது 47 அங்குலம். நீளம் 42, மேல் தையலுக்கு அரை, 1.75 அங்குல டர்ன்-அப்புக்கு இரு மடங்கும் ஒரு அங்குல உள்மடிப்பும் சேர்த்து 4.5. கூட்டினால் 47! சுருக்கத்துக்கு இடமில்லை. பிளீட்டால் முன்துண்டு அகலமாகும், இடுப்புப் பட்டிக்கும் துணி வேண்டும். 1.40 எடுங்கள்.

டர்ன்-அப் வெட்டில் பலர் கோட்டை விடும் இடம்: கால் கீழே போகப் போகக் குறுகும். மடிக்கும் பகுதியையும் அப்படியே குறுக்கி வெட்டினால் மடித்ததும் சுருங்கி இழுக்கும். மடிப்புக் கோட்டுக்குக் கீழே அதே சரிவில் திரும்ப அகலமாக்க வேண்டும். மேல் விளிம்பை இரு பக்கத் தையலில் மட்டும் பிடித்தால் போதும். சுற்றித் தைத்தால் உள்ளே சேரும் தூசியைத் தட்ட முடியாது.

துணிப்பித்தன்:
அளந்தேன், 41தான். பாக்கெட்டும் திறந்தே நிற்கிறது. பின் நடுத் தையலுக்குள் இரு பக்கமும் முக்கால் அங்குலத் துணி இருக்கிறது.

கத்தரிக்கோல்:
அந்தப் பின் நடுத் தையலைப் பிரித்து பக்கத்துக்கு அரை அங்குலம் வெளியே விடுங்க, சீட் 42 ஆகும். சீட் மட்டத்தில் விட்டு, பட்டிக்கு வரும்போது பழைய தையலோடு சேர்த்துடணும், இல்லேன்னா இடுப்பு தொளதொளன்னு ஆயிடும். பிளீட் முழுசா மூடாது, ஓரளவு படியும். பக்கத் தையலைத் தொடாதீங்க, பாக்கெட் கோணிக்கும்.