மறு: 'தகவமைப்புத் தேர்வு' என்ற சொல் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

கல்வியியல் மாணவருக்கான அளவீட்டு நூலில் கணினிவழித் தேர்வு பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தேர்வெழுதுபவரின் விடைகளைப் பார்த்துக் கணினி வினாக்களை மாற்றித் தரும் தேர்வை (adaptive test) தமிழில் எப்படிச் சொல்வது என்பதே கேள்வி. ஆகவே, இந்த இழையில் வந்த சொற்களைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

'தகவமைப்புத் தேர்வு' என்றதும், உயிரியல் பாடத்தில் அச்சொல்லைப் படித்த மாணவர், தேர்வெழுதுபவர் தம்மை மாற்றிக்கொள்வதாகவே எண்ணுவார். இங்கே ஆளுக்குத் தக மாறுவது வினாத்தாள். எனவே, 'தகவமை தேர்வு' என வினைத்தொகையாக, ஒற்று மிகாமல் எழுதலாம். 'அமை' தன்வினைக்கும் பிறவினைக்கும் பொதுவாக நிற்பதால் பொருளும் கெடாது. மேலும், குறளின் நடுவு நிலைமை அதிகாரத்தில் வரும் 'தக்கார் தகவிலர்' என்பதில் தகவு நடுவுநிலைமையைக் குறிக்கிறது. வெவ்வேறு வினாக்களை எழுதியவர்களை ஒரே அளவுகோலில் நிறுத்தும் தேர்வுக்கு இதைவிடப் பொருத்தமான வேர்ச்சொல் எனக்குத் தெரியவில்லை.

இதன் இரண்டு வகைகளையும் சொல்லிலேயே பிரித்துக் காட்ட வேண்டும். அமெரிக்கச் செவிலியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ், ஒவ்வொரு விடைக்குப் பிறகும் திறனை மறுபடி கணித்து அடுத்த வினாவைத் தருகிறது. முடிவு தெளிவாகிவிட்டால் 85 வினாக்களிலேயே நின்றுவிடும், தெளியாவிட்டால் 150 வரை நீளும், உறுதிசெய்த விடைக்குத் திரும்ப வழியில்லை. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான, கணினிக்கு மாறிய எஸ்ஏடியிலோ, வாசிப்பு-எழுத்துப் பகுதியின் முதற்கட்டத்தில் உள்ள 27 வினாக்களுக்கு 32 நிமிடம் உண்டு. அதற்குள் மாணவர் முன்னும் பின்னும் போய் விடையைத் திருத்தலாம், அது முடிந்த பிறகே அடுத்த கட்டம் எளிதா கடினமா என்பது தீர்மானமாகும். மேற்படிப்புச் சேர்க்கைக்கான கணினிவழி ஜிஆர்இயும் 2011இல் முதல்வகையை விட்டு இவ்வகைக்கு வந்தது. குறைந்த வினாக்களில் துல்லியம் தேடுவோர் முதல்வகையை விரும்புவர். ஆனால், விடையைச் சரிபார்க்கும் பழக்கத்தை வகுப்பில் வளர்த்துவிட்டு, தேர்வில் அதைத் தடுப்பது முறையன்று என்பதால், பள்ளித் தேர்வுக்கு இரண்டாம் வகையே ஏற்றது என்பேன்.

முன்னதை 'வினாவழித் தகவமை தேர்வு' என்றும், பின்னதைக் 'கட்டவழித் தகவமை தேர்வு' என்றும் சொல்லலாம். பின்னதற்குப் 'பலநிலைத் தேர்வு' என்ற சொல் வேண்டவே வேண்டாம். முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என்று நடக்கும் போட்டித் தேர்வுகளையே அது நினைவூட்டும்.

— இயலின் மொழிபெயர்ப்பாளர்

(குழு உறுப்பினர் ஒருவரின் மறுமொழி)

அன்புடையீர்,

'பலநிலை' பற்றிய மறுப்பை ஏற்கிறேன். ஆனால், 'வினாவழி' என்பதை வினாக்களின் மூலம் நடக்கும் தேர்வு என்றுதான் ஆசிரியர்கள் படிப்பார்கள். எல்லாத் தேர்வும் அப்படித்தானே? 'வினாதோறும் தகவமையும் தேர்வு' நீண்டாலும் விளங்கும். தகவு என்பதற்கு நடுவுநிலைமைப் பொருளை இன்றைய மாணவர் யாரும் காணப் போவதில்லை. பெரும்பான்மையோர் 'வினாவழி' என்றே வாக்களித்திருப்பதால் நூலில் அதுவே இருக்கட்டும். கலைச்சொல் பட்டியலில் சேர்க்கும்போது என் மாற்றுக் கருத்தையும் பதிய வேண்டுகிறேன்.