சாளை உறவுகள் குழு: கிளுவை வேலியோரக் கேமரா

செல்வி, காலை 6.35
அனைவருக்கும் வணக்கம். நேற்று இரவு கேமராவில் பதிவான படங்களை மேலே அனுப்பியிருக்கிறேன். முதல் இரண்டில் இருப்பது வழக்கமாக வரும் மரநாய். மூன்றாவது படத்தைத் தயவுசெய்து பெரிதாக்கிப் பாருங்கள். கிளுவை என்ற முட்செடி வேலியின் அடியில், காய்ந்த சருகுக்கு நடுவே மூக்கை மண்ணில் பதித்து மோப்பம் பிடித்துக்கொண்டிருப்பது முள்ளெலி. நம் தோட்டத்தில் அது இருக்கிறது என்பதற்கு இதுதான் முதல் சான்று. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

சண்முகம் பெரியப்பா, காலை 6.52
கண்ணு, இது முள்ளம்பன்றிக் குட்டியாக இருக்குமோ? நிலக்கடலை விதைத்திருக்கும் நேரத்தில் அது வந்தால் செடியை விட்டுவைக்காது.

செல்வி, காலை 7.04
இல்லைங்க பெரியப்பா. முள்ளம்பன்றி கொறிக்கும் விலங்கு. கிழங்கையும் வேரையும் தோண்டித் தின்னும், அதன் முள்ளும் நீளமானது. முள்ளெலி வேறு இனம், முள் குட்டையானது. வண்டு, கரையான் போன்ற பூச்சிகளே அதற்கு முதன்மையான இரை என்பதால் கடலைக்கு அதனால் நன்மைதான். ஆபத்து என்று உணர்ந்தால் ஓடாமல் பந்தாகச் சுருண்டுகொள்ளும். நாய்க்கு முன்னால் அது உதவும், வண்டிச் சக்கரத்துக்கு முன்னால் உதவாது. 1851இல் ஹார்ஸ்ஃபீல்டு என்ற அறிஞர் அறிவியல் பெயர் சூட்டிய இந்த முள்ளெலி தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை.

தங்கமணி அத்தை, காலை 7.20
எங்கள் சிறு வயதில் குழந்தைகளுக்குக் கக்குவான் இருமல் வந்தால் முள்ளெலித் தோலைத்தான் மருந்தென்று தேடுவார்கள். அதற்காகவே பிடித்துக் கொன்றவர்கள் உண்டு.

செல்வி, காலை 7.31
ஆமாங்க அத்தை, இன்னும் சில ஊர்களில் அந்த நம்பிக்கை இருக்கிறது. கக்குவானுக்குத் தடுப்பூசி இருக்கிறது. 6, 10, 14 வாரங்களில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் போடுகிறார்கள். ஆனாலும் அந்த நம்பிக்கையில் யாரும் இதைப் பிடிக்க வந்துவிடக் கூடாது. ஆகவே இந்தப் படத்தைக் குழுவுக்கு வெளியே அனுப்ப வேண்டாம், இடத்தையும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மகேஷ் அண்ணன், காலை 8.10
செல்வி, நானும் கோவையில் வீட்டுப் பின்புறம் கேமரா வைத்திருக்கிறேன். நூற்றுக்கணக்கில் படம் எடுக்கிறது, எல்லாவற்றிலும் புல் மட்டுமே இருக்கிறது. என்ன காரணம்?

செல்வி, காலை 8.26
அண்ணா, அந்தக் கேமராவில் உள்ள உணரி அசைவை மட்டும் பார்ப்பதில்லை. சுற்றுப்புறத்திலிருந்து மாறுபட்ட வெப்பம் நகரும்போதுதான் அது விழித்துக்கொள்ளும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில், வெயிலில் காய்ந்து சூடேறிய புல் ஆடினாலும் அதற்கு உயிருள்ளதாகவே தோன்றும். உச்சி வெயிலில் தரையும் விலங்கின் உடலும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பதால், உண்மையிலேயே வரும் கீரியைக்கூட அது தவறவிடலாம். கேமராவுக்கு முன்னால் உள்ள புல்லை மட்டும் அறுத்துவிட்டு, வடக்கு பார்த்துத் திருப்பி வையுங்கள். காலை மாலை வெயில் நேரே விழாது. நான் முழங்காலுக்குக் கீழே, சற்றே குனிந்த வாக்கில் கட்டியிருக்கிறேன். ஆளுயரத்தில் கட்டினால் சிறிய உயிர்கள் சிக்குவதில்லை. இரவு விளக்கு, கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் அகச்சிவப்பு வகையா என்றும் பாருங்கள். 850 வகை தொலைவு வரை எட்டும், ஆனால் மங்கிய செந்நிறப் புள்ளியாகத் தெரியும்.

மகேஷ் அண்ணன், காலை 8.40
நன்றி, இன்றே மாற்றிவிடுகிறேன். இன்னொரு செய்தி. கிழக்கு எல்லையில் கிளுவையை எடுத்துவிட்டுக் கல்கால் நட்டுக் கம்பிவலை அடிப்பதற்கு விலை கேட்டிருக்கிறேன்.

செல்வி, காலை 8.58
அண்ணா, அதைத்தான் இன்று பேச நினைத்தேன். இதுவரை கேமராவில் வந்த மரநாய், கீரி, முயல், இப்போது இந்த முள்ளெலி எல்லாமே அந்த வேலியை ஒட்டித்தான் நடமாடியிருக்கின்றன. திறந்த மேய்ச்சல் நிலத்தின் நடுவில் வைத்தபோது மயிலைத் தவிர அதிகம் எதுவும் வரவில்லை. கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி என்று காங்கேயம் மாடுகளுக்காக நம் முன்னோர் வளர்த்த கொறங்காடு என்ற இந்த மேய்ச்சல் நிலத்தில், அந்த வேலி இந்தச் சிற்றுயிர்களுக்கும் பகலில் மறைவிடமாகவும் இரவில் பாதையாகவும் இருக்கிறது. தரையோடு வலை அடித்துவிட்டால் முள்ளெலி சாலைப் பக்கம்தான் சுற்றிப் போக வேண்டியிருக்கும். ஆடு புகுந்துவிடுகிறது என்பதுதான் உங்கள் கவலை என்றால், ஆடு நுழையும் இடைவெளிகளில் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட்டு அடைத்துவிடலாம். நானே நின்று செய்கிறேன்.

சண்முகம் பெரியப்பா, காலை 9.15
செல்வி சொல்வது சரியாகப் படுகிறது. மகேஷ், கிழக்கு எல்லையில் கை வைக்க வேண்டாம்; கேட் இருக்கும் பக்கம் மட்டும் கம்பி போட்டுக்கொள், அதிலும் அடியில் ஒரு சாண் இடம் விட்டுவிடு. போத்து வெட்ட மாரப்பனை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறேன்.

மகேஷ் அண்ணன், காலை 9.22
சரிங்க பெரியப்பா. கேட் பக்கத்துக்கு மட்டும் விலை கேட்கிறேன். செல்வி, அந்த ஒரு சாண் இடைவெளியில் எது வருகிறது என்று பார்க்க என் கேமராவையும் எடுத்து வருகிறேன்.